வீடு கைமாறாதபோது முற்பணத்தின் கதி

சில வாரங்களுக்கு முன்னர் அக்குறணையைச் சேர்ந்த வர்த்தகர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். கையிலே ஒரு பிளாஸ்டிக் கோவை. அதனுள்ளே நான்காக மடித்து, மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாள். கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டையும் அதனோடிணைந்த 12 பேர்ச்சஸ் காணியையும் விற்க இணங்கி, முற்பணமாக 30 இலட்சம் ரூபாவைப் பெற்றுக்கொண்டதாக வீட்டுக்காரர் அதில் எழுதி, முத்திரையின் மீது கையொப்பமும் இட்டிருந்தார். எழுதிக்கொடுத்த அன்று அவர் சொன்னதையும் வந்தவர் எமக்கு ஒப்புவித்தார்: "நானா, வீடு உங்களுக்குத்தான். நாமெல்லாம் ஒரே ஜமாஅத், நடுவிலே நொத்தாரிசு எதற்கு?" ஆறு மாதத்தில் உறுதி எழுதுவதாகப் பேச்சு. ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. வெளிநாட்டிலிருக்கும் சகோதரி கையொப்பமிட மறுக்கிறார் என்றார்கள். பின்னர் வேறொருவர் கூடிய விலைக்குக் கேட்கிறார் என்ற செய்தி காதில் விழுந்தது. இப்போது பணம் கொடுத்து இரண்டரை ஆண்டுகளாகின்றன.

"இந்தக் கடதாசியை வைத்து வீட்டை எடுக்கலாமா?" என்று அவர் கேட்டார். முடியாது என்றோம். "அப்படியென்றால் காசும் போய்விட்டதா?" என்றார். இல்லை என்றோம். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாமையினாலேயே கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்கள் ஆயுட்காலச் சேமிப்பை இழந்து நிற்கின்றன. வெள்ளைத்தாளில் எழுதியதால் எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடுவோர் ஒருபுறம். கையொப்பம் இருக்கிறது, வீடு எமக்கே என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் மறுபுறம். இரு சாராரும் தவறாகவே எண்ணுகின்றனர்.

இலங்கையில் காணி, வீடு போன்ற அசையாச் சொத்துக்களை விற்பதற்கு மட்டுமன்றி, விற்பதாக வாக்குறுதி கொடுப்பதற்கும் சட்டம் ஒரு வடிவத்தை விதித்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அது. உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். அதனைச் செய்பவர் அனுமதிபெற்ற நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் சமுகமளித்திருக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசும் சாட்சிகளும் அதனை அத்தாட்சிப்படுத்த வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வாக்குறுதிக்குச் சட்டத்தில் வலுவில்லை. விற்பவர் அதனை மறுக்காவிட்டாலும், ஊரே சாட்சி சொன்னாலும், வீட்டை எழுதித் தருமாறு நீதிமன்றம் கட்டளையிடாது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக இந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்தும், முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்டால் போதும் என்ற நம்பிக்கை எம்மக்களை விட்டு அகலவில்லை. முத்திரை வரிக்கானது; அது நொத்தாரிசுக்கு ஈடாகாது.

ஆனால் வாக்குறுதிக்கு வலுவில்லை என்பதனால், வாங்கிய பணம் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடாது. எமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம், ஒருவர் காரணமின்றி மற்றொருவரின் செலவில் வளம்பெறுவதை அனுமதிப்பதில்லை. ஒரு நோக்கத்துக்காகப் பணம் கொடுக்கப்பட்டு, அந்த நோக்கம் நிறைவேறாமற் போனால் கொடுத்தவர் அதனைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே அந்த வெள்ளைத்தாள் விற்பனை உடன்படிக்கையாக நில்லாது. பணம் கைமாறியது என்பதற்கான சான்றாக நிற்கும். அக்குறணை வர்த்தகர் வீட்டைக் கேட்டு வழக்காடினால் தோற்பார். முப்பது இலட்சத்தைக் கேட்டு வழக்காடினால் வெல்வதற்கு நியாயமுண்டு. எதைக் கேட்பது என்பதிலேயே பாதி வழக்கு தங்கியிருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். ஒல்லாந்தர் கண்டியை ஒருபோதும் ஆண்டதில்லை. 1765இல் ஆளுநர் வான் எக்கின் படை நகருக்குள் புகுந்து, சில மாதங்களிலேயே பின்வாங்கிப் போயிற்று. எனினும் கண்டியச் சட்டம் மௌனம் சாதிக்கும் இடங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லுபடியாகும் என்று ஆங்கிலேயர் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் விதித்தமையால், மகாவலிக்கரை வீடொன்றின் முற்பணத் தகராறு இன்று ஒல்லாந்தரின் சட்டநூல்களின் துணையுடன் தீர்க்கப்படுகிறது. அந்நூல்களில் முற்பணத்துக்கு வழங்கும் பெயர் 'அர்ரா'. நாம் அச்சாரம் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அச்சவாரம் என்பர். இஸ்லாமிய சட்டவியலில் அது 'உர்பூன்'. இலத்தீனத்து அர்ராவும் அரபியின் உர்பூனும் ஒரே செமித்திய வேரிலிருந்து, கிரேக்க வணிகரின் வாய்வழியே பரவியவை என்று மொழியறிஞர் கூறுவர். மத்தியதரைக் கடலோரச் சந்தைகளில் தொடங்கிய தகராறு கட்டுகஸ்தோட்டை வரை வந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் முதன்மையானது காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலான உடன்படிக்கையொன்றின் மீது வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் உண்டு. ஆனால் முறைப்படி எழுதப்படாத பேச்சின் மீதும், மேலே நாம் கூறிய காரணமற்ற வளம்பெறுதலின் மீதும் எழும் கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டுகளே. அந்த மூன்று ஆண்டுகள் எந்த நாளிலிருந்து தொடங்குகின்றன என்பதே நீதிமன்றத்தில் பெரும் வாதமாகிவிடுவதுண்டு. விற்பவர் மறுத்த நாளா, உறுதி எழுதுவதாகச் சொன்ன தவணை முடிந்த நாளா என்று சட்டத்தரணிகள் வாதிடட்டும். பணத்தைக் கொடுத்தவர் தம் பாதுகாப்புக்காகப் பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது. "இந்தப் பெருநாள் முடியட்டும்", "மகளின் கலியாணம் முடியட்டும்", "சகோதரி டிசம்பரில் வருவார்" என்று விற்பவர் கேட்கும் ஒவ்வொரு தவணையும் இந்த மூன்றாண்டிலிருந்தே கழிகிறது. வாய்ப்பேச்சான தவணைகளால் அது நீள்வதில்லை. கால அவகாசம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், இன்ன தொகையை இன்ன திகதியில் திருப்பித் தருவேன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் மேலானது, உரிய முறையில் எழுதப்பட்ட கடனுறுதிச் சீட்டு. அது ஆறு ஆண்டுக் காலக்கெடுவைப் பெற்றுத்தருவதுடன், குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையிலுள்ள சுருக்க நடைமுறையின் கீழ் வழக்குத் தொடரவும் வழிவகுக்கும். அந்த நடைமுறையில் எதிராளி தாம் நினைத்தபடி விடை அணைந்து வழக்கை இழுத்தடிக்க முடியாது. வாதாடுவதற்கே நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

2022ஆம் ஆண்டை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வீட்டுக்கடனை நம்பி முற்பணம் கொடுத்திருந்தவர்கள் பலரால் மிகுதிப் பணத்தைத் திரட்ட முடியவில்லை. சீமெந்தினதும் கம்பியினதும் விலை ஏறியதைக் கண்ட விற்பனையாளர்கள் பழைய விலைக்கு எழுதித்தர மனமின்றிப் பின்வாங்கினர். அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. அன்று முறிந்த கொடுக்கல் வாங்கல்களில் வெள்ளைத்தாளை மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு மூன்று ஆண்டுக் காலம் கடந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைத்தவர்களுக்கும் கிடைத்தது இலக்கம் மட்டுமே. 2021இல் கொடுத்த இருபது இலட்சம் 2024இல் அதே இருபது இலட்சமாகத் திரும்பி வந்தபோது, முன்பு அது வாங்கியிருக்கக்கூடிய அறைகளில் ஒன்று குறைந்திருந்தது. வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து சட்டப்படியான வட்டியைக் கோரலாம். அதற்கு முந்திய காலத்துக்கு, எழுதிக்கொண்ட ஒப்பந்தமில்லாமல் வட்டி பெறுவது எளிதன்று.

இனி, நொத்தாரிசு முன்னிலையில் முறையாக எழுதப்பட்ட விற்பனை உடன்படிக்கை இருந்தால் நிலைமை எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்போம். அப்போது வாங்குபவருக்கு இரண்டு கதவுகள் திறக்கின்றன. வீட்டையே எழுதித்தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். அல்லது முற்பணத்தையும் உடன்படிக்கையில் குறித்த நட்டஈட்டையும் கேட்கலாம். முதலாவதை நாடுவது வாங்குபவரின் இயல்பான உரிமை என்பது எமது சட்டத்தின் நிலைப்பாடு. ஆங்கிலச் சட்டத்தில் அது நீதிமன்றம் விரும்பினால் அளிக்கும் சலுகையாக வளர்ந்தது. உரோம ஒல்லாந்தச் சட்டம் அதனை உரிமையாகவே நோக்கியது. 1955இல் தாஹிர் எதிர் அப்தீன் வழக்கில் நீதியரசர் கிரேஷியன் இந்த வேறுபாட்டை எடுத்துரைத்திருக்கிறார். எனினும் உடன்படிக்கையின் சொற்கள் இங்கே உயிர்நாடியானவை. விற்பவர் தவறினால் முற்பணத்தையும் நட்டஈட்டையும் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தால், வீட்டைக் கேட்கும் கதவு மூடிக்கொள்ளலாம். கண்டியில் எழுதப்படும் உடன்படிக்கைகளில் அனேகமானவை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்தவை. வாசித்து விளக்கப்பட்டது என்று அவற்றின் இறுதியில் நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவது வழக்கம். அந்த விளக்கத்தைத் தமிழில் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த ஒரு வாசகத்தை மட்டுமாவது இருமுறை விளக்கச் சொல்லுங்கள்.

வீட்டைக் கேட்டு வழக்காடுபவர் தாம் மிகுதிப் பணத்துடன் ஆயத்தமாக இருந்தமையை நிரூபிக்க வேண்டும். தவணையின் இறுதி நாளில் நொத்தாரிசின் அலுவலகத்துக்குச் சென்று தம் வருகையைப் பதியச் செய்வதும், வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தைப் பேணுவதும், பதிவுத் தபாலில் விற்பவருக்கு அறிவிப்பதும் பின்னர் பெரிதும் உதவும். வழக்குத் தொடுத்ததும் அதனைக் காணிப் பதிவகத்தில் 'லிஸ் பென்டன்ஸ்' என்று பதியச் செய்தால், வழக்கு நடக்கும்போது வீட்டை மூன்றாமவர் தலையில் கட்டுவது கடினமாகும். பணத்தை மட்டும் கேட்கும் வழக்குக்கு இந்த வசதி இல்லை.

விற்பனை உடன்படிக்கையையும் காணிப் பதிவகத்தில் பதியலாம், பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத ஆவணம் பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முதலிற் பதிந்தவருக்கு முன்னால் தோற்றுப்போகும். அதே சட்டத்தில் 'கேவியட்' என்றொரு ஏற்பாடும் உண்டு. அதனைத் தாக்கல் செய்தவருக்கு, அக்காணி தொடர்பாக வேறொரு ஆவணம் பதிவுக்கு வரும்போது அறிவித்தல் அனுப்பப்படும். இரண்டுக்கும் ஆகும் செலவு, தரகருக்குக் கொடுக்கும் தொகையுடன் ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

இதுவரை விற்பவர் பின்வாங்கிய நிலையையே பேசினோம். வாங்குபவரே பின்வாங்கினால் என்ன? இங்கேதான் அச்சாரம் என்ற சொல்லின் உண்மையான கனம் தெரிகிறது. கொடுத்த பணம், வாக்கைக் காப்பேன் என்பதற்கான பிணையா, அன்றி விலையின் ஒரு பகுதியா என்பதை நீதிமன்றம் ஆராயும். பிணையாயின் வாக்கைத் தவறவிட்டவர் அதனை இழக்க நேரிடும். விலையின் பகுதியாயின், விற்பவர் தமக்கு ஏற்பட்ட நட்டத்தைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் திருப்ப வேண்டும் என்று வாதிட இடமுண்டு. இழப்பு என்று எழுதிய தொகை நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டமாக இருப்பின் அதனையும் எதிர்க்கலாம். ஆனால் இவையெல்லாம் நீண்ட வாதங்கள். வங்கிக்கடன் கிடைக்காவிடின் முற்பணம் முழுவதும் இத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியை உடன்படிக்கையில் சேர்த்திருந்தால், அவை எதற்கும் அவசியமிராது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடத்தில் வேறொரு கேள்வியும் எழும். வாங்குபவர் மனம் மாறிவிட்டார். முற்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்வது ஆகுமா? ஹனபி, மாலிகி, ஷாபிஈ ஆகிய மூன்று மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து, ஆகாது என்பதே. ஈடாக எதுவும் கொடுக்காமல் பிறர் பொருளை எடுப்பதாக அவர்கள் அதனைக் கருதினர். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் அனுமதித்தார். கலீபா உமரின் காலத்தில் மக்காவில் சிறைச்சாலைக்காக ஸப்வான் பின் உமையாவின் வீட்டை ஆளுநர் நாபிஃ பின் அப்துல் ஹாரித் வாங்கியபோது, கலீபா ஏற்காவிட்டால் ஸப்வானுக்கு ஒரு தொகை உரியது என்று பேசிக்கொண்டதை அவர் ஆதாரமாகக் கொண்டார். அதுவும் ஒரு வீட்டு விற்பனையே. 1993இல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் உர்பூன் கூடும் எனத் தீர்மானித்தது. இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். ஐந்து வேளையும் அந்த மத்ஹபின்படி தொழுதுவிட்டு, முற்பணத்தை விழுங்கும்போது மட்டும் ஹன்பலி ஆகிவிடுபவர்களை நாம் கண்டிருக்கிறோம். விற்பவரே பின்வாங்கினால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

இத்தகைய பிணக்குகள் பள்ளிவாசல் நிர்வாக சபைகளிடமும், தோட்டப்புறங்களில் தலைவர்மாரிடமும் போவது வழக்கம். அதில் தவறில்லை, பல தகராறுகள் அங்கேயே நல்லபடி தீர்ந்துமிருக்கின்றன. ஆனால் அங்கு எட்டப்படும் இணக்கம் எழுத்தில் அமையாவிட்டால் அது மற்றொரு வாய்ப்பேச்சே. காதி நீதிமன்றங்களுக்கு இவ்விடயத்தில் நியாயாதிக்கம் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் கட்டணமின்றி இருதரப்பையும் அழைத்துப் பேசுகின்றன. சட்டம் விதித்த தொகைக்குக் குறைந்த பிணக்குகள் முதலில் அங்கே செல்ல வேண்டும். இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம் ஏகலாம்.

பொலிஸுக்குப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறைப்பாட்டை அவர்கள் பதிவர். பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவர்களுக்கில்லை. ஒருவர் வாக்குத் தவறியது மட்டும் குற்றமாகாது. தமக்குச் சொந்தமில்லாத வீட்டைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால், ஒரே வீட்டுக்கு மூவரிடம் முற்பணம் பெற்றிருந்தால், ஏற்கெனவே விற்றுவிட்டு மறைத்திருந்தால், ஆரம்பத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்தது என்பதால் தண்டனைச் சட்டக்கோவையின் கீழான ஏமாற்றுதல் குற்றம் பொருந்தக்கூடும். அப்போதும் பணத்தை மீட்பதற்கான குடியியல் வழக்கின் காலக்கெடு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பொலிஸ் நிலையத்துக்கு நடந்து மூன்று ஆண்டையும் கழித்துவிட்டு மாவட்ட நீதிமன்றத்தின் படியேறுபவர்கள் மிகவும் பரிதாபத்துக்குரியவர்கள்.

கண்டியில் இத்தனை கொள்வனவுகள் இடைநடுவில் முறிவது ஏன் என்பதும் ஆராயத்தக்கது. எல்லா விற்பனையாளர்களும் மோசக்காரர்கள் அல்லர். பல வேளைகளில் அவர்கள் தம்மால் விற்க முடியாத ஒன்றையே, அறியாமல் விற்க முனைகின்றனர். முஸ்லிம் குடும்பமொன்றில் தந்தை மறுமைக்குப் போனதும், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாதனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவிக்கும் மகன்மாருக்கும் மகள்மாருக்கும் மார்க்கம் விதித்த பங்குகள் சேர்கின்றன. வீட்டில் குடியிருக்கும் மூத்த மகன் முழு வீடும் தனதென்ற நினைப்பில் முற்பணம் வாங்கிவிடுகிறார். சட்டப்படி அவரால் தமது பிரிக்கப்படாத பங்கை மட்டுமே விற்க முடியும். அக்குறணை வர்த்தகருக்கு நேர்ந்ததும் இதுதான். வெளிநாட்டுச் சகோதரி வில்லி அல்லர். அவரிடம் எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை. கண்டியச் சிங்களவரின் பரம்பரைக் காணியாயின் வழியுரிமை கண்டியச் சட்டத்தின்படி அமையும். விகாரை, தேவாலயங்களுக்குரிய காணியாயின் ஊழியக் கடமைகள் தொடரக்கூடும். உறுதித்தொடரை முப்பது ஆண்டுகளுக்காவது பின்னோக்கிப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மகாவலியில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

தோட்டப்புற மக்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைத்த பணத்தைக் கொண்டு, லயத்தைவிட்டு வெளியேறிக் கலஹாவிலோ தெல்தோட்டையிலோ ஒரு சிறு வீட்டை வாங்க எண்ணும் சகோதரிகள் பலர். அவர்களுக்குக் காட்டப்படும் காணிகளில் சில, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அளிப்புக் காணிகள். உரிய எழுத்துமூலச் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்றுவது வெற்றும் வெறிதுமாகும். சட்டம் தடுத்த கொடுக்கல் வாங்கலில் கொடுத்த பணத்தை மீட்பதும் அதிக சிக்கலானது. இன்னொரு சங்கடமும் உண்டு. பணத்தை அனுப்புபவர் குவைத்தில் இருப்பார். கொடுப்பவர் ஊரிலுள்ள தம்பி. பற்றுச்சீட்டு தம்பியின் பெயரில். பின்னர் வழக்கென்று வரும்போது பணம் யாருடையது என்ற கேள்வி குடும்பத்துக்குள்ளேயே எழுகிறது. பற்றுச்சீட்டில் உண்மையாக வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுத்த காசுக்கு நீதிமன்றத்தில் வாயில்லை.

மலைநாட்டுக்கே உரிய மற்றொரு காரணம் மண். கண்டி மாவட்டத்தில் கட்டடம் அமைக்கும்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு கேட்கப்படுகிறது. அது பாதகமாக அமைந்தால் கடன் கொடுக்க வங்கியும் தயங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் இம்மாவட்டத்தின் சரிவுகள் பல இடிந்து, உயிர்களும் வீடுகளும் மண்ணுள் புதைந்ததை நாம் மறப்பதற்கில்லை. முற்பணம் கொடுத்து, உறுதி எழுதுமுன் வீடு சரிந்தால் நட்டம் யாருக்கு? உடன்படிக்கை மௌனமாக இருந்தால் இருபக்கமும் வாதம் உண்டு. விற்பனை பூர்த்தியான கணத்திலேயே அபாயம் வாங்குபவரைச் சேர்கிறது என்ற பழைய உரோம விதியொன்றை ஒருவர் எடுத்துக்காட்டுவார். இது விற்பனையன்று, விற்பதாகக் கொடுத்த வாக்கே என்று மற்றவர் மறுப்பார். உறுதி எழுதப்படும்வரை சேதம் விற்பவரையே சாரும், முற்பணம் முழுமையாகத் திரும்பும் என்று எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போதெல்லாம் கடைகளுக்குள் தண்ணீர் புகுவதைக் கண்டு பழகிய அக்குறணை மக்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் வழமையாக விலையின் பத்திலொரு பங்கை முற்பணமாகச் செலுத்துகிறார். அது பெரும்பாலும் விற்பவரின் சட்டைப்பைக்குப் போவதில்லை. விற்பனை நிறைவேறும்வரை சட்டத்தரணியின் தனிக் கணக்கில் இரு தரப்புக்கும் பொதுவாகக் கிடக்கிறது. 1925ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நியாயமெனக் கண்டால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. இந்தியாவின் சொத்து மாற்றச் சட்டம், முன்கூட்டிச் செலுத்திய பணத்துக்காக அந்தச் சொத்தின் மீதே வாங்குபவருக்கு ஒரு பொறுப்புரிமையைத் தருகிறது. எமது நாட்டில் முற்பணம் விற்பவரின் கைக்குச் சென்று, மறுநாளே அவரது கடனுக்கோ மகளின் சீதனத்துக்கோ செலவாகிவிடுகிறது. பின்னர் அவரைக் குற்றம் சொல்லலாம். பணத்தை எடுக்க முடியாது. இரு தரப்பும் நம்பும் சட்டத்தரணியிடம் அதனை வைத்திருப்பதற்கு இங்கும் தடையில்லை. தகுந்த காரணமின்றிப் பெருந்தொகையை முற்பணமாகக் கேட்பவரிடம், எங்கே வைத்திருப்போம் என்ற இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே அவரது நோக்கம் ஓரளவு விளங்கிவிடும்.

வழக்குக்குப் போவதற்கு முன் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புவது முதற்படி. கொடுத்த தொகை, கொடுத்த திகதி, வாக்குறுதி, அது நிறைவேறாமை, திருப்பித் தருவதற்கான நாள் ஆகியன அதில் தெளிவாக இருக்க வேண்டும். பலர் கடிதம் கண்டதுமே இறங்கி வருகின்றனர். இல்லையேல் கண்டி மாவட்ட நீதிமன்றம். அதன் தீர்ப்புக்கு எதிராக மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கும், அனுமதி கிடைத்தால் உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லலாம். அந்தப் பயணத்தில் ஆண்டுகள் கழியும் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆதலால் வழக்கின் நடுவிலும் நியாயமான இணக்கத்துக்கு இடம்கொடுப்பதே புத்தி. முழுத்தொகையையும் ஒரே நாளில் கேட்டு நிற்பதைவிட, திகதியிட்ட தவணைகளை எழுத்தில் பெற்றுக்கொள்வது பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அக்குறணை வர்த்தகர் முதலில் தயங்கினார். ஒரே ஊர், ஒரே பள்ளி, இனிமேல் ஜும்ஆவில் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றார். பணத்தை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வெட்கம் இல்லையே என்று நாம் சொன்னதன் பேரிலோ, வீட்டில் மனைவி சொன்னதன் பேரிலோ, கடைசியில் கடிதத்தை அனுப்பிவிட்டார். கடந்த கிழமை தொலைபேசியில் பேசினார். பள்ளி நிர்வாகிகள் இருவர் நடுவிலிருந்து பேசி, பத்து இலட்சத்துக்கு வங்கிக் காசோலையும் மிகுதி இருபது இலட்சத்துக்குத் திகதியிட்ட கடனுறுதிச் சீட்டும் பெற்றுத்தந்திருக்கின்றனர். சீட்டைச் சட்டத்தரணியே எழுதினாராம். அதன் தவணை முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.